எடை குறைந்தபின் தொங்கும் மேல்கைத் தோல்: என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம்?

முப்பது, நாற்பது கிலோ குறைத்தவர்களிடம் "இப்போ சந்தோஷமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பார்கள், உடனே கையைத் தூக்கிக் காட்டுவார்கள். வயிற்றுத் தோலைப் புடவைக்குள்ளோ சட்டைக்குள்ளோ மறைத்துவிடலாம். கையை மறைக்க முடியாது. டாட்டா காட்டினால் ஆடுகிறது. ஜாக்கெட்டைத் தோளுக்குப் பொருத்தமாகத் தைத்தால் கை பிடிக்கிறது; கைக்குப் பொருத்தமாகத் தைத்தால் தோள் நழுவுகிறது. வெயில் காலத்தில் அக்குள் மடிப்பில் வியர்வை தேங்கி அரிப்பும் படையும் வேறு.

இதற்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் பலர் முதலில் கிரீம் வாங்குகிறார்கள், அப்புறம் மெஷின் சிகிச்சைக்குப் போகிறார்கள், கையிருப்பு கரைந்தபின்தான் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கிறார்கள். உங்கள் கையில் தொங்குவது எது, எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் இந்தச் சுற்றுவழி மிச்சம்.

தோல் ஏன் பழையபடி சுருங்குவதில்லை?

தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. கொலாஜன் உறுதி தருகிறது. எலாஸ்டின் இழுத்தால் திரும்பி வரும் தன்மையைத் தருகிறது. பல வருடம் பருமனாக இருந்த உடம்பில் இந்த நார்கள் நீண்டு, அறுந்து போயிருக்கும். நைந்துபோன பாவாடை எலாஸ்டிக்கை எத்தனை முறை துவைத்துக் காயப்போட்டாலும் இறுகுமா? அந்தக் கதைதான். மேல்கையின் உட்புறத்திலும் பின்புறத்திலும் தோல் இயல்பாகவே மெல்லியது என்பதால் அங்கே முதலில் தெரிகிறது.

வயது, எத்தனை வருடம் அதிக எடையோடு இருந்தோம், எவ்வளவு குறைத்தோம், புகைப்பழக்கம், வெயில், பரம்பரை எல்லாம் இதைத் தீர்மானிக்கின்றன. 25 வயதில் 15 கிலோ குறைத்தவரின் தோல் பெரும்பாலும் ஓரளவு ஒட்டிவிடும். 50 வயதில் 45 கிலோ குறைத்தவருக்கு அது நடப்பது அபூர்வம். எடையை வேகமாகக் குறைத்ததால்தான் தொங்குகிறது என்று பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வேகத்தைவிட, தோல் எவ்வளவு காலம் எவ்வளவு விரிந்திருந்தது என்பதே பெரிய காரணம்.

படி 1: பிடித்துப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கையை மடக்கி உள்ளங்கை முன்னால் பார்க்கும்படி வையுங்கள். தொங்கும் பகுதியை மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவே மெல்லிய மடிப்பு மட்டும் வந்தால் அது வெறும் தோல். தடிமனாக, மெத்தென்று, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். அக்குளை ஒட்டி மட்டுமா, முழங்கைவரைக்குமா, அல்லது அக்குளைத் தாண்டி விலாப்பக்கம்வரை இறங்குகிறதா? பின்னால் வரும் எல்லா முடிவும் இந்தப் பதிலைத்தான் சார்ந்திருக்கிறது. இரண்டு கையையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உடம்பு முழுக்க இளைத்தும் கைகளும் கால்களும் மட்டும் இளைக்காமல், அமுக்கினால் வலித்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புத் திசு நோயாக இருக்கலாம். ஒரு கை மட்டும் வீங்கியிருந்தாலும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தாலும் நிணநீர் வீக்கத்தை யோசிக்க வேண்டும். இவர்கள் அழகு சிகிச்சைக்கு முன்னால் மருத்துவரிடம் காட்டிக் காரணத்தைத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

படி 2: எடை ஓர் இடத்தில் நிற்கட்டும்

எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது தோலைச் சரிசெய்வது வீண் செலவு. இன்னும் பத்து கிலோ குறைந்தால் மறுபடி தொங்கும். ஆறு மாதமாவது எடை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். ஸ்லீவ், பைபாஸ் போன்ற பேரியாட்ரிக் (எடை குறைப்பதற்கான இரைப்பை) அறுவை சிகிச்சை செய்தவர்கள் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் காத்திருப்பார்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30க்குக் கீழே வந்திருந்தால் காயம் ஆறுவதும் நல்லது, பலனும் நன்றாகத் தெரியும்.

செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளால் எடை குறைத்தவர்கள் இப்போது அதிகம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி ஏறுவது சகஜம். அதனால் ஊசியைத் தொடரப் போகிறீர்களா, நிறுத்தப் போகிறீர்களா என்று முதலில் முடிவெடுங்கள். அந்த முடிவுக்குப் பிறகு எடை நிலைக்கட்டும், அப்புறம் கையைப் பார்க்கலாம். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் குழந்தை பெற எண்ணம் இருந்தால் அதுவும் முடியட்டும்.

படி 3: காத்திருக்கும் மாதங்களில்

இந்த மாதங்களைச் சும்மா விடக்கூடாது. முதல் வேலை புரதம். எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. உள்ளே தசை குறைந்தால் வெளியே தோல் இன்னும் தொளதொளக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம்வரை புரதம் என்பது பொதுக் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். 60 கிலோ எடைக்கு 60 முதல் 90 கிராம் வருகிறது. நம் தட்டில் அது தானாக வராது. "தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம். சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன், தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்து வைத்தால்தான் கணக்கு நிறையும்.

பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்கள் ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம், அல்புமின் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இவை குறைவாக இருந்தால் பிறகு காயம் ஆறுவது தாமதமாகும்.

இரண்டாவது வேலை உடற்பயிற்சி. மேல்கையின் பின்புறத்தில் இருக்கும் ட்ரைசெப்ஸ் தசைதான் அந்தக் கையின் பருமனில் பெரும்பங்கு. அது வளர்ந்தால் தோலின் உள்ளே கொஞ்சம் இடம் நிரம்பும். ஜிம்முக்குப் போகாமலேயே தொடங்கலாம். முதலில் சுவரில் கை ஊன்றி புஷ்அப். பழகியதும் சமையல் மேடை விளிம்பில். அதன்பின் முட்டி போட்டுத் தரையில். கைகளை நெருக்கி வைத்துச் செய்தால் ட்ரைசெப்ஸுக்கு வேலை அதிகம். அடுத்தது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து, மேல்கையை அசைக்காமல் முழங்கையை மட்டும் மடக்கி முதுகுப்பக்கம் இறக்கி ஏற்றுவது. ஒரு சுற்றுக்கு 10, 12 முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்.

எல்லோரும் கோட்டைவிடுவது ஒரு விஷயத்தில்: எடையைக் கூட்டுவதே இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலையே ஆறு மாதம் தூக்கினால் தசை வளராது. 12 முறை சுலபமாகிவிட்டால் இரண்டு லிட்டர் பாட்டிலுக்கோ டம்பெல்லுக்கோ மாறுங்கள். மூன்று நான்கு மாதம் கழித்து முதலில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். லேசாகத் தொங்கியவர்களுக்கு இதுவே போதும் என்று தோன்றலாம். நிறையத் தொங்குபவர்களுக்குக் கை உறுதியாகும், தோள் வடிவம் வரும், ஆனால் தோல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். உபரித் தோலை எந்தப் பயிற்சியும் கரைக்காது.

மடிப்பில் படை வருபவர்கள் குளித்ததும் நன்றாக ஒற்றித் துடைத்துக் காயவிட்டுப் பருத்தி உடை போடுங்கள். வந்த படைக்கு மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கித் தடவாதீர்கள். முதலில் அடங்குவதுபோல் இருந்து பின்பு பரவும், தோலும் மெலியும். மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பே போதும்.

கிரீம்கள், கொலாஜன் பொடி, எண்ணெய் மசாஜ் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைக் கிரீம் தோலின் மேற்பரப்பைக் கொஞ்சம் மேம்படுத்தும். மற்றவை ஈரப்பதம் தரும். ஒரு அங்குலம்கூட மேலே தூக்காது. குடிக்கும் கொலாஜனும் வயிற்றில் மற்றப் புரதம்போல் செரித்துத்தான் போகிறது. நேராகக் கைக்கு வந்து ஒட்டாது.

படி 4: மெஷின் சிகிச்சை யாருக்கு?

ரேடியோ ஃப்ரீக்வென்சி, நுண்ணூசிகளோடு சேர்ந்த ரேடியோ ஃப்ரீக்வென்சி, ஹைஃபு என்ற அல்ட்ராசவுண்ட் ஆகிய மூன்றும் தோலின் உள்ளடுக்கைச் சூடாக்குகின்றன. சூட்டில் கொலாஜன் கொஞ்சம் சுருங்கும். அடுத்த மாதங்களில் புதுக் கொலாஜன் உருவாகும். பல அமர்வுகள் தேவை. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். வரும் பலனும் மிதமானது. தீக்காயம், கருமை படிதல், அந்த இடத்தில் குழி விழுதல் ஆகியவை நடக்கக்கூடிய பக்கவிளைவுகள்.

விரலால் பிடித்தபோது சின்ன மடிப்பு மட்டும் வந்தவர்கள், கை கீழே இருக்கும்போது தொங்கல் தெரியாதவர்கள் முயன்று பார்க்கலாம். கையைத் தூக்கினால் திரைபோல் இறங்குகிறது என்றால் என் கருத்து கறாரானது: அந்தப் பணத்தைச் சேர்த்து வையுங்கள். ஆறு அமர்வு, எட்டு அமர்வு என்று பேக்கேஜ் விற்பவர், உங்கள் அளவுக்குத் தொங்கிய கையின் முன்–பின் படத்தைக் காட்டட்டும். காட்டும் படத்தில் ஒரு பக்கம் கை தளர்ந்தும் மறுபக்கம் தசையை இறுக்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். இது பழைய வித்தை.

கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் வேறு கணக்கு. தோல் இறுக்கமாக இருந்து உள்ளே கொழுப்பு மட்டும் அதிகம் என்றால் அது நல்ல வழி. ஏற்கெனவே காற்றிறங்கிய கைக்கு அதை மட்டும் செய்தால் தொங்கல் கூடத்தான் செய்யும். லைப்போவோடு சேர்த்துத் தோலுக்கு அடியில் குழாய் விட்டுச் சூடாக்கும் முறைகளும் உண்டு. நடுத்தர அளவுக்கு ஓரளவு உதவும். அறுவை சிகிச்சைக்கு மாற்று என்று நம்பிப் போகாதீர்கள்.

படி 5: அறுவை சிகிச்சை என்றால் என்ன நடக்கும்?

இதன் பெயர் பிரேக்கியோபிளாஸ்டி. உபரித் தோலை வெட்டி எடுப்பது இது ஒன்றுதான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, கையில் நீளமான தழும்பு.

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். அக்குளை ஒட்டி மட்டும் தொங்கினால் தழும்பு அக்குள் மடிப்புக்குள் அடங்கிவிடும். ஆனால் பெரிய அளவில் எடை குறைத்தவர்களில் இதற்குப் பொருந்துபவர்கள் குறைவு. முழங்கைவரை தொங்கினால் அக்குளிலிருந்து முழங்கைக்கு அருகே வரை, ஒரு சாண் அளவுக்குத் தழும்பு. விலாப்பக்கமும் தொங்கினால் அந்தத் தழும்பு அக்குளைக் கடந்து மார்பின் பக்கவாட்டில் இறங்கும். அக்குளில் தழும்பு இழுத்துப் பிடித்துக் கை தூக்க முடியாமல் போகாதிருக்க, அங்கே கோட்டை வளைத்தோ இசட் வடிவில் ஒடித்தோ தைப்பார்கள்.

தழும்பைக் கையின் உட்புறத்தில் வைப்பதா, பின்புறத்தில் வைப்பதா என்று சர்ஜனுக்குச் சர்ஜன் கருத்து மாறும். உட்புறம் என்றால் கையைத் தொங்கவிட்டால் தெரியாது, தூக்கினால் தெரியும். பின்புறம் என்றால் உங்கள் கண்ணுக்குப் படாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். முடிவெடுக்க ஒரு சுலபமான வழி: புருவப் பென்சிலால் அந்தக் கோட்டைக் கையில் வரைந்துகொண்டு, நீங்கள் போட ஆசைப்படும் உடையைப் போட்டு ஒரு நாள் முழுக்க வீட்டில் நடமாடுங்கள். கோட்டைப் பார்த்தால் மனசு ஒப்புகிறதா என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

காது குத்திய இடம் கட்டியாகத் தடித்திருக்கிறதா, இடது மேல்கையில் பிசிஜி ஊசி போட்ட தழும்பு புடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் கீலாய்டு, அதாவது தழும்பு காயத்தைத் தாண்டித் தடித்து வளர்வது, வரும் உடல்வாகு இருக்கலாம். மாநிறத் தோலில் இது அதிகம் பார்க்கப்படுவது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சிகிச்சையன்று உங்களை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொல்லிப் பேனாவால் குறிப்பார்கள். முழு மயக்கத்தில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். கொழுப்பு மீதம் இருந்தால் முதலில் உறிஞ்சுவார்கள். தோல் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டுத் தைக்காமல், கொஞ்சம் வெட்டி அந்தப் பகுதியை மூடி, அப்புறம் அடுத்த பகுதி என்று பலர் போவார்கள். மேஜையிலேயே கை வீங்கும். மொத்தமாக எடுத்துவிட்டால் மூடுவதற்குத் தோல் பற்றாமல் போகும் ஆபத்து உண்டு. முன்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று முழங்கைக்கு மேலே தோலை நோக்கி மேலெழுந்து வருகிறது. அதில் கத்தி படாமல் இருப்பதில் சர்ஜனின் அனுபவம் தெரியும். நரம்பு இழுபட்டாலே முன்கையில் மரத்துப்போன உணர்வு சில மாதம் இருக்கும், அறுந்தால் நிரந்தரமாகலாம்.

மற்றச் சிக்கல்கள்: அக்குளுக்கு அருகே தையல் சிறிது விலகுவது, உள்ளே நீர் கோத்துக்கொள்வது, தொற்று, தடித்த தழும்பு, இரண்டு கையும் ஒரே மாதிரி இல்லாமல் போவது. அக்குள் தையல் விலகல் அடிக்கடி நடப்பதுதான், பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டுவது அபூர்வம், ஆனால் ஆபத்தானது.

வயிறு, மார்பு, தொடை என்று மற்ற இடங்களும் திட்டத்தில் இருந்தால் கையை மார்போடு சேர்த்து ஒரே அமர்வில் செய்வது வழக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 6: யாரிடம் போவது, செலவுக்கு என்ன வழி?

எம்.சி.ஹெச் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 'காஸ்மெட்டிக் ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைக்க யாராலும் முடியும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரையும் பட்டத்தையும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எடை குறைத்தவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்கிறாரா, எங்கே செய்கிறார், அந்த இடத்தில் மயக்க மருத்துவரும் அவசர வசதியும் உண்டா என்று கேளுங்கள். ஒரு வருடம் ஆன தழும்பின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நாள் படம் எல்லோரிடமும் இருக்கும்.

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு அல்லது உடனடி உடல்நல ஆபத்தை நீக்கத் தேவை என்று மருத்துவர் சான்று தருவது தவிர மற்ற ஒப்பனை அறுவை சிகிச்சைகளை விலக்குவது பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. மடிப்பில் திரும்பத் திரும்பத் தொற்று வந்திருந்தால் சிகிச்சைச் சீட்டுகளையும் படங்களையும் சேர்த்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சொல்லும் தொகையில் அது அடக்கமா, மயக்க மருத்துவர் கட்டணம், அறை வாடகை, பிறகு கையில் இறுக்கமாகப் போடும் கம்ப்ரஷன் உறை எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள்.

படி 7: முன்னேற்பாடு

புகையை முன்னும் பின்னும் நான்கு வாரமாவது முழுக்க நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துத் தையலைக் கெடுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமைக்கான மருந்து, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எடைக் குறைப்பு ஊசி போடுபவர்கள் மயக்க மருத்துவரிடம் தனியாகச் சொல்வது ரொம்ப முக்கியம். அந்த ஊசியால் வயிறு காலியாவது தாமதமாகும். பட்டினியாக வந்தாலும் உள்ளே உணவு இருந்து மயக்கத்தில் நுரையீரலுக்குப் போகலாம்.

வளையல், மோதிரம் எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றி வீட்டில் வையுங்கள். பிறகு கை வீங்கும், மோதிரம் கழலாது. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி அல்லது பட்டன் சட்டை நாலைந்து தயாராக இருக்கட்டும். தலைவழியாகப் போடும் உடை எதுவும் உதவாது.

படி 8: அதன் பிறகு

முதல் வாரம் மல்லாந்து படுத்து, கைகளைத் தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்திருங்கள். விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருங்கள், வீட்டுக்குள் நடங்கள். தலை பின்னவும் முதுகு தேய்க்கவும் இரண்டு வாரத்துக்கு ஒரு துணை வேண்டும். கம்ப்ரஷன் உறையை மூன்று முதல் ஆறு வாரம்வரை போடச் சொல்வார்கள். சென்னை வெயிலில் அது ஒரு தண்டனைதான், அதனால் நாள் குறிக்க முடிந்தால் மார்கழி, தை பக்கம் குறியுங்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் போகலாம். ஸ்கூட்டர் ஓட்ட மூன்று, நான்கு வாரம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குவது எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றபின்.

ஒரு கை மட்டும் திடீரென்று வீங்கினால், சிவந்து சுட்டால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

தழும்பு முதல் மூன்று மாதம் முன்பைவிட மோசமாகத் தெரியும்; சிவந்து, தடித்து, அரிக்கும். பலர் பயந்துபோவது இந்தக் கட்டத்தில். அது வெளுத்துத் தட்டையாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். காயம் முழுதாக மூடியபின் சிலிக்கோன் ஷீட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம் ஒட்டுங்கள். வெளியே போனால் துணியால் மூடுங்கள் அல்லது சன்ஸ்கிரீன் போடுங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுத்து நின்றுவிடும். கோட்டைத் தாண்டித் தடித்து வளர ஆரம்பித்தால் சீக்கிரமே போய்க் காட்டுங்கள். டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தொடக்கத்தில் நன்றாகக் கேட்கும்.

ஒரு வருடம் கழித்து முழங்கைப் பக்கம் கொஞ்சம் தோல் மீந்திருப்பதும், தழும்பின் நுனி புடைத்திருப்பதும் நடக்கக்கூடியது. மரப்பு ஊசி மட்டும் போட்டுச் சின்னதாகத் திருத்திவிடலாம். அந்தத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணமா, முதல் தொகையிலேயே சேர்ந்ததா என்ற கேள்வியை மட்டும் முதல் சந்திப்பிலேயே கேட்டு, பதிலையும் அந்த எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.